கற்றுக்கொண்ட பிறகு

சென்ற ஆண்டு பொதுத்தமிழ் வகுப்பில் முதலாண்டு மாணவிகளிடம் 'என் சைக்கிள்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். முப்பத்தெட்டுப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ எல்லாத் தாள்களும் ஒரே பாதையில் சென்றன. அப்பாவோ மாமாவோ கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருகிறார், அவர் எப்போது கையை விட்டார் என்று தெரியாமலே இவள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள், திரும்பிப் பார்த்ததும் விழுகிறாள், முட்டியில் தழும்பு. பிறகு பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள், தோழிகளோடு பேசிக்கொண்டே போன சாலை, பன்னிரண்டாம் வகுப்பின் கடைசித் தேர்வு. அத்துடன் கட்டுரை முடிந்துவிடும். சிலர் மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: இப்போது அதைத் தம்பி ஓட்டுகிறான்.

தமிழாசிரியர் பழக்கத்தில் நான் வினைமுற்றுகளைக் கவனித்தேன். தலைப்பில் காலம் எதுவும் இல்லை. ஆனால் தாளுக்குத் தாள் இறந்தகாலம். பதினெட்டு வயதுப் பெண்கள் தங்கள் சைக்கிளைப் பாட்டி வீட்டு அம்மிக்கல்லைப் போல நினைவுகூர்ந்திருந்தார்கள். நிகழ்கால வினை வந்த இடங்களிலோ எழுவாய் தம்பி.

அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. என் முதல் தொகுப்பிலும் ஒரு சைக்கிள் கவிதை உண்டு. அதிலும் ஒரு அப்பா கையை விடுகிறார், ஒரு பெண் தன்னந்தனியாக மிதிக்கிறாள், காற்று பாவாடையை நிரப்புகிறது, கவிதை முடிகிறது. கூட்டங்களில் வாசித்தால் கைதட்டு வாங்கித் தருகிற கவிதை அது. அதை எழுதியபோது எனக்கு இருபத்தெட்டு வயது. சைக்கிளைத் தொட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பெண் மிதித்து எங்கே போனாள், எந்தச் சாலையில் போனாள், மறுநாள் போனாளா என்று அந்தக் கவிதைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பெண்ணையும் சைக்கிளையும் பற்றி நமக்குக் கிடைக்கும் பிரதிகளில் பெரும்பாலானவை கற்றுக்கொள்ளும் கதைகள். அவை சமநிலை கிடைக்கும் நொடியில் தொடங்கி அந்த நொடியிலேயே முடிந்துவிடுகின்றன. கற்றுக்கொண்ட பிறகு என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையில் என் கேள்வி. அந்தக் கேள்வியை நான் நூலகத்திலிருந்து எடுத்து வரவில்லை. சைதாப்பேட்டையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் உள்ள என் கல்லூரிக்குத் தினமும் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மிதிக்கும்போது வந்த கேள்வி அது.

*

முதலில் சில பிரதிகள்.

அமெரிக்காவில் மதுவிலக்கு இயக்கத்தை நடத்திய பிரான்சிஸ் வில்லார்ட் தமது ஐம்பத்து மூன்றாம் வயதில் சைக்கிள் கற்றார். அந்த அனுபவத்தை 1895இல் ஒரு சிறு நூலாக எழுதினார். சைக்கிளுக்கு 'கிளாடிஸ்' என்று பெயர் வைத்தார். நாளுக்குப் பதினைந்து நிமிடமாக மூன்று மாதம் பழகியதாகக் கணக்குச் சொல்கிறார். பயத்தை வெல்வது, கை நடுங்காமல் பிடிப்பது, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் தூரத்தில் வைப்பது என்று ஒவ்வொரு பாடத்தையும் வாழ்க்கைப் பாடமாக்கிக்கொண்டே போகிறார். அருமையான நூல். ஆனால் சைக்கிள் அங்கே மன உறுதியின் உருவகம். கிளாடிஸ் மீது ஏறி அவர் தினமும் ஓர் அலுவலகத்துக்குப் போய் வந்திருந்தால் புத்தகம் வேறாக இருந்திருக்கும்.

ஹைஃபா அல் மன்சூர் இயக்கிய 'வாஜ்தா' (2012) முழுவதும் சவுதி அரேபியாவிலேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம். சவுதிப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படமும் அதுவே. பத்து வயதுச் சிறுமிக்கு ஒரு பச்சைநிறச் சைக்கிள் வேண்டும். அதற்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்ந்து வெல்கிறாள். பரிசுப் பணம் அவள் கைக்கு வராமல் போகிறது. கணவன் இன்னொரு திருமணம் செய்துகொள்ளும் இரவில் அவளுடைய அம்மா அந்தச் சைக்கிளை வாங்கி வந்து நிறுத்துகிறாள். கடைசிக் காட்சியில் வாஜ்தா தெருக்களைக் கடந்து வேகமாக மிதித்துப் பெருஞ்சாலை முனைக்கு வந்து நிற்கிறாள். வண்டிகள் பாய்கின்றன. இடமும் வலமும் பார்க்கிறாள். படம் முடிகிறது.

முதல்முறை பார்த்தபோது அழுதேன். பெருஞ்சாலையை அவள் முன் விரித்து வைத்த நம்பிக்கையாக அந்த முடிவை வாசித்தேன். சைக்கிளில் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு மறுபடி பார்த்தேன். சாலை எங்கே தொடங்குகிறதோ அங்கே படம் நின்றுவிடுகிறது என்பது இம்முறைதான் கண்ணில் பட்டது. அந்தச் சந்திப்பை அவள் எப்படிக் கடந்தாள்? என் காலைகளில் பாதி அதே கேள்வியில் கழிகிறது.

மர்ஸியே மெஷ்கினி என்ற இரானிய இயக்குநரின் 'நான் பெண்ணான நாள்' (2000) இதற்கு விலக்கு. அதன் நடுக்கதையில் ஆஹூ என்ற பெண் கீஷ் தீவின் கடலோரச் சாலையில், கருப்பு உடையணிந்த பல பெண்களோடு சைக்கிள் பந்தயத்தில் இருக்கிறாள். அவள் கற்றுக்கொள்வதை நாம் பார்ப்பதில்லை. படம் தொடங்கும்போதே மிதித்துக்கொண்டிருக்கிறாள். குதிரையில் வந்து கணவன் இறங்கச் சொல்கிறான். பிறகு விவாகரத்து செய்துவைக்க முல்லாவை அழைத்து வருகிறான். பிறகு உறவுக்காரப் பெரியவர்கள், கடைசியில் அண்ணன் தம்பிகள். யார் வந்து என்ன பேசினாலும் அவள் செய்வது ஒன்றுதான்: மிதிக்கிறாள். இறுதியில் சகோதரர்கள் வழியை மறிக்கிறார்கள். அவள் என்ன ஆனாள் என்பது அடுத்த கதையில் இருவேறு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒரு பெண் சைக்கிளில் ஏறுவதைப் பொறுத்துக்கொண்ட குடும்பம்கூட அவள் இறங்காமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளாது என்று இந்தப் படம் அறிந்திருக்கிறது.

பெண் ஓட்டாத சைக்கிளையும் ஒருமுறை பார்த்துவிடலாம். டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) படத்தை அப்பா மகன் கதையாகவே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க வழி எது? மனைவி மரியா படுக்கை விரிப்புகளை உருவி, துவைத்து, மூட்டை கட்டுகிறாள். அவற்றை அடகு வைத்துத்தான் சைக்கிள் வீட்டுக்கு வருகிறது. சைக்கிள் காணாமல் போன சிறிது நேரத்தில் மரியாவும் படத்திலிருந்து காணாமல் போகிறாள். அவளை யாரும் தேடவில்லை. நம் ஊரில் 'குரங்கு பெடல்' (2024) போன்ற படங்களும், வாடகைச் சைக்கிளை மணிக்கணக்கில் எடுத்து ஓட்டிய பால்யம் பற்றி ஆண்கள் எழுதிக் குவித்திருக்கும் கட்டுரைகளும் உண்டு. பட்டனில்லாத டவுசரோடு பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்ட நினைவு அவர்களுக்கு இனிக்கிறது. அதே பாருக்குக் கீழே பாவாடையோடு காலை நுழைக்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த அக்காக்கள் அந்தக் கட்டுரைகளின் ஓரத்தில்கூட இல்லை.

*

2020இல் ஊரடங்கு வந்தபோது வீட்டில் தூசி படிந்து கிடந்த சைக்கிளை எடுத்துக் காய்கறி வாங்கப் போனேன். சாலை காலியாக இருந்ததால்தான் ஏறினேன். உடம்பு மறக்கவில்லை. கல்லூரி மறுபடி திறந்தபோது ஸ்கூட்டரை எடுக்க மனம் வரவில்லை.

மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லக் கூச்சப்படுகிற பழக்கம் நமக்கு இருப்பதால். காலை ஏழேகாலுக்கு நந்தனம் சிக்னலில் திரும்பிச் சேமியர்ஸ் சாலைக்குள் நுழைந்தால் மரநிழல் விழுகிற இடங்களில் காற்றின் குளிர்ச்சியே மாறும். சென்னை தட்டையான ஊர் என்பார்கள். மிதிப்பவளுக்குத்தான் எங்கே மெல்லிய ஏற்றம், எங்கே காலை எடுத்துவிடலாம் என்று தெரியும். மாலையில் அதே சாலையில் மேற்கே திரும்பியதும் கடற்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அந்த ஐந்து நிமிடம் நான் யாருக்கும் அம்மா இல்லை, மேடம் இல்லை. என் உடம்பை நானே சுமந்து நானே கொண்டு சேர்க்கிறேன். நாற்பதைக் கடந்த பெண்ணுக்கு உடம்பு என்றாலே வலி, எடை, மருத்துவப் பரிசோதனை என்றாகிவிட்ட வாழ்க்கையில் இது சிறிய விஷயமில்லை.

இனி மற்றது. மெட்ரோ பணிக்காக வைத்த தடுப்புத் தகடுகள் சாலையைக் குறுக்கிவிட்டன. மிச்சமிருக்கும் ஓரத்தில் மணலும், சக்கரம் மாட்டும் வடிகால் கம்பிகளும். நிறுத்தத்தை நோக்கி ஒடித்துத் திரும்பும் பேருந்துக்கும் நடைமேடைக்கும் இடையில் எனக்கு எஞ்சுவது ஒரு முழம். பைக்கில் போகும் பையன், "ஆன்ட்டி, ஜிம்முக்குப் போக வேண்டியதுதானே" என்கிறான். ஆட்டோக்காரர், "ஓரமா போம்மா" என்கிறார். ஓரத்துக்கும் ஓரம் எது என்று அவரும் சொல்வதில்லை. துப்பட்டா செயினில் சிக்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டால் அதற்கொரு பார்வை. வியர்த்துப் போய் இறங்கினால் முகம் கழுவி உடை மாற்ற இடம் தேட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் அந்தத் தேடல் இரட்டிப்பாகும். முதல் வாரம் வாசலில் காவலர் கேட்டார்: "மேடம், வண்டிய சர்வீஸுக்கு விட்டிருக்கீங்களா?" நான் ஓட்டி வந்தது அவருக்கு வண்டியாகவே படவில்லை.

2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. நடப்பவர்களுக்கும் மிதிப்பவர்களுக்கும் சாலையில் முதலிடம் என்பது அதன் சாரம். காகிதத்தில் நான் முதலிடத்தில் இருக்கிறேன், டி.டி.கே. சாலையில் வடிகால் மூடியின்மேல் இருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்துக்கு முன்பு ஆழ்வார்பேட்டை அருகே ஒரு வேனின் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் இடித்தது. விழுந்தேன். மூன்று தையல். வேன் நிற்கவில்லை. அன்று முழுவதும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை எண்ணிப் பார்த்தால் எல்லாம் ஒரே கேள்விதான்: உங்களுக்கு எதற்கு சைக்கிள்? தையல் போட்டவர், உடன் பணியாற்றுபவர்கள், வீட்டார், அடுத்த வீட்டு மாமி. வேனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இரவில் தனியே போன பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வியின் உடன்பிறப்பு இது. அங்கே ஏன் போனாய் என்பதில் 'அங்கே' என்ற இடம் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

*

என் சைக்கிளைப் பற்றி மட்டும் எழுதினால் நானும் ஒரு பொய் சொன்னவளாவேன். அதே சாலையில் தினமும் இன்னொரு பெண் வருகிறார். மூன்று வீடுகளில் வேலை. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு ஓட நேரமில்லாததால் சைக்கிள். ஹேண்டில்பாரில் பை, கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு. என்னைப் பார்த்து ஒருநாள், "உங்களுக்கு ஸ்கூட்டி இல்லயாக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். அவர் முகத்தில் வந்தது கேலியா பரிதாபமா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. விலை உயர்ந்த சைக்கிளில் ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் ஆண்கள் விளையாட்டு வீரர்கள், நான் வினோதப் பிறவி, அவர் வேலைக்காரி. இறங்க எனக்கு ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. அவருக்கு இறங்கினால் நடைதான்.

சாதியையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழகத்தின் பல ஊர்களில் ஊர்த்தெரு வழியாகச் செல்லும் தலித் மக்கள் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. ஏறி உட்காருவது என்பது உயரம். உயரம் யாருக்கு அனுமதிக்கப்படுகிறது என்பது சாதியின் கணக்கு. பள்ளி மாணவர்களுக்கு அரசு சைக்கிள் வழங்கும் திட்டம் 2001-02இல் தொடங்கியபோது முதலில் பெற்றவர்கள் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகள் என்பதை இந்தப் பின்னணியில் வைத்து வாசித்தால்தான் அதன் எடை தெரியும். பிறகுதான் அது மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. பீகாரில் 2006இல் தொடங்கிய இதே போன்ற திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டார்கள். இலவசம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஆனால் அரசு ஆவணம் அதற்கு வைத்த பெயர் 'விலையில்லா மிதிவண்டி'. விலை இல்லாதது என்றும் பொருள், மதிப்பு இல்லாதது என்றும் வீட்டில் பொருள் கொள்ளலாம். பள்ளிக்காகக் கொடுக்கப்பட்டது, பள்ளி முடிந்தால் அவளுடையதில்லை என்று குடும்பம் வாசிக்கிறது. பெண்களுக்கென்று பாரை வளைத்துச் செய்த அந்த லேடீஸ் சைக்கிளை ஓட்டத் தம்பிகள் வெட்கப்படுவதில்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். என் மாணவிகள் பலர் படிப்பதே அதனால்தான். எனினும் பேருந்து வரும்போதுதான் கிளம்ப முடியும், பேருந்து போகும் இடத்துக்குத்தான் போக முடியும். சைக்கிள் அவள் நினைத்த நேரத்துக்குக் கிளம்பும். வீடு அஞ்சுவது அந்த வித்தியாசத்துக்குத்தான்.

*

சென்ற மாதம், முப்பத்தெட்டுத் தாள்களில் ஒன்றை எழுதிய மாணவி வகுப்பு முடிந்து பின்னாலேயே வந்தாள். "மேம், நானும் சைக்கிள்ல வரட்டுமா?" அவள் வீடு கோட்டூர்புரம் பக்கம்.

மேடையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் உடனே 'வா' என்றிருப்பேன். முழங்கையில் தழும்பு இருக்கும் நான் அன்று பதில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். என் கவிதை அவளுக்கு உதவாது. அது அவளை ஏற்றிவிட்டு ஓடிவிடும். வில்லார்ட் பயத்தை வெல்லச் சொல்வார். வேனுக்கு அவள் வென்ற பயத்தைப் பற்றி அக்கறையில்லை. அன்றிரவு மறுபடி எடுத்துப் படித்தது புதுக்கோட்டை பற்றி பி. சாய்நாத் எழுதியதை.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். சாய்நாத்தின் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பெண்கள் எதற்காக ஓட்டினார்கள் என்று அவர் எழுதுகிறார்: தண்ணீர் எடுக்க, விளைபொருளை விற்க, பிள்ளைகளை ஏற்றிச் செல்ல, கல்குவாரி வேலைக்குப் போக. பெண்கள் பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே விரும்பினார்கள் என்றும் குறிப்பிடுகிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு என்பது ஒரு காரணம். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது இன்னொன்று. எங்களுக்கென்று வளைத்துக் கொடுத்த நாகரிகத்தைவிட வேலைக்கு உதவும் நேரான கம்பி மேல் என்று சொன்னவர்கள் அவர்கள். கற்றுக்கொண்ட பிறகான கதை அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

தொடக்கத்தில் அந்தப் பெண்களும் ஆபாசப் பேச்சையும் நடத்தை பற்றிய அவதூறையும் கேட்டவர்கள்தாம். ஒருத்தி ஓட்டினால் வசை. ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஓட்டினால் வசைபாடுகிறவன் எத்தனை பேரைத்தான் திட்டுவான்? இயக்கம் அவர்களுக்குச் சைக்கிளோடு சேர்த்துத் துணையையும் கொடுத்தது. சைக்கிள் விடுதலை தந்தது என்று எழுதும் நாம் இதை மறந்துவிடுகிறோம். தனியாக மிதிக்கும் ஒற்றைப் பெண்ணின் படம் அட்டைக்கு அழகாக இருக்கிறது. என் கவிதைக்கும் அழகாக இருந்தது. சாலையில் அவளுக்குத் தேவைப்படுவது முன்னாலும் பின்னாலும் நாலு பெண்கள்.

மறுநாள் அவளிடம் சொன்னேன்: "வா. ஆனா தனியா வராதே. ஏழேகாலுக்கு நந்தனம் சிக்னல்ல நான் நிப்பேன்." சைக்கிள் தம்பியிடம் இருந்தது. அதைத் திரும்ப வாங்க வீட்டில் இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறாள். 'அது என் பேர்ல குடுத்தது' என்று சொல்லி வாங்கினாளாம்.

திங்கட்கிழமை வந்தாள். சீட் அவளுக்கு உயரமாக இருந்தது, தம்பி ஏற்றி வைத்திருந்தான். சாலையோரக் கடையில் ஸ்பேனர் வாங்கி இறக்கினோம். நான் வெளிப்பக்கம், அவள் உள்பக்கம். பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தார், இரண்டு பேரும் ஓரத்துக்குப் போகவில்லை. மூன்று நாள் வந்தாள்; நான்காம் நாள் மழை; ஐந்தாம் நாள் அவள் அம்மா வேண்டாம் என்றாராம்; ஆறாம் நாள் வந்தாள். இந்த ஆண்டு முதலாண்டு வகுப்புக்கும் அதே தலைப்பைக் கொடுக்கப் போகிறேன். நிகழ்காலத்தில் எழுதும்படி கேட்பேன். முடியாதவர்கள், ஏன் முடியவில்லை என்று எழுதட்டும்.